பூட்டிய புத்தகம்



விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது. இதில் ஐயமுண்டோ? எங்கள் வேலூர் வட்டாரத்தில் சிறு பிள்ளையும் இதனை அறியும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவோர், தாம் பதனிட்ட தோலைக் காலணி செய்வோர்க்கு விற்கின்றனர். வாங்கியவர் அதனைக் காலணியாக வெட்டலாம், கைப்பையாகத் தைக்கலாம், வேண்டாமெனில் இன்னொருவருக்கு விற்றும் விடலாம். விற்றவர் பின்தொடர்ந்து வந்து, “இந்தத் தோலில் மூன்று ஜோடிக்கு மேல் தைக்கலாகாது, என்னைக் கேளாமல் வேறு மேசைக்கு மாற்றலாகாது” என்று கட்டளையிட்டால் கடைத்தெருவே சிரிக்கும் அல்லவா?

ஆனால் அதே ஆம்பூரில், அந்தத் தோலை வெட்டுவதற்கு வழிகாட்டும் கணினியில் இத்தகைய கட்டளை நாள்தோறும் நடைபெறுகிறது, எவரும் சிரிப்பதில்லை. என்னிடம் படித்த ஒருவர் அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் மாதிரி வரையும் பிரிவில் பணிபுரிகிறார். காலணியின் மேற்பகுதிக்கு எத்தனை துண்டுகள் வேண்டும், ஒவ்வொன்றும் எந்த வடிவில், எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை இப்பொழுது திரையிலேயே வரைகிறார்கள். அந்த மென்பொருளை விற்றவர்கள் அதனோடு கட்டைவிரல் அளவில் ஒரு சிறு பொருளையும் கொடுத்திருந்தார்கள். ‘டாங்கிள்’ என்று அதனைச் சொல்வார்கள். அது கணினியில் செருகப்பட்டிருந்தால்தான் மென்பொருள் இயங்கும். ஒரு நாள் மேசையைத் துடைத்தவரின் கைபட்டு அது முறிந்துவிட்டது. மென்பொருள் கணினியில் இருக்கிறது. பணம் செலுத்திய ரசீது அலமாரியில் இருக்கிறது. ஆயினும் வேலை நின்றுவிட்டது. மாற்று டாங்கிள் வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்றாம்.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். அதே மென்பொருளைத் திருட்டு நகலாகப் பெற்று வைத்திருப்பவருக்கு டாங்கிள் முறியும் கவலையே இல்லை. பூட்டை உடைத்த பின்னர்தானே அந்த நகல் அவர் கைக்கு வருகிறது! திருடனைத் தடுப்பதற்கென்று செய்த பூட்டு, திருடனிடம் போய்ச் சேரும்போது அங்கே இருப்பதில்லை. பணம் கொடுத்தவரிடம் மட்டுமே அது இருக்கிறது.

பூட்டுப் போடுகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மென்பொருளை எழுதப் பலர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அதனை நகலெடுக்கவோ சில நொடிகள் போதும், செலவும் இல்லை. 1976-ஆம் ஆண்டிலேயே, இருபது வயது இளைஞராக இருந்த பில் கேட்ஸ், தம் மென்பொருளை விலை கொடாமல் நகலெடுத்துக்கொண்டவர்களைக் கண்டித்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் தொனி பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால், உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்ற அதன் அடிப்படையை யாரும் மறுக்க இயலாது. நூலாசிரியருக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆகவே பதிப்புரிமைச் சட்டம் வேண்டியதே. நான் கேட்பது வேறு. உரிமையைக் காக்கும் பொறுப்பைச் சட்டத்தின் கையிலிருந்து பிடுங்கி ஒரு யந்திரத்தின் கையில் கொடுத்துவிட்டால் என்ன நேரிடும்? சட்டம் காரணம் கேட்கும், நோக்கத்தைப் பார்க்கும். யந்திரத்துக்கு நோக்கம் தெரியாது. பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

வாங்குவோர் இதனைப் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1980-களில் அலுவலகங்களில் பயன்பட்ட புகழ்பெற்ற மென்பொருள்கள் பலவும் பூட்டுடனேயே விற்பனையாயின. கணக்கு விரிதாளான ‘லோட்டஸ் 1-2-3’ அவற்றுள் ஒன்று. அதனைத் தொடங்குவதற்கு மூல வட்டு கணினியில் இருந்தாக வேண்டும். அந்த வட்டுகளோ மெல்லியவை. தூசி பட்டாலும் வளைந்தாலும் கெட்டுவிடும். பெரிய அலுவலகங்கள் முணுமுணுத்தன. பிறகு உரக்கவே சொல்லின. பூட்டில்லாத மென்பொருளையே வாங்குவோம் என்றும் சில அறிவித்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய நிறுவனங்கள் பலவும் பூட்டைக் கைவிட்டன.

பின்னர் வேறு வடிவில் அது திரும்பி வந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில இசைத் தட்டுகளைக் கணினியில் இட்டதும், நகலெடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் உரியவருக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அதனை வெளிப்படுத்தினார். அது விட்ட ஓட்டையின் வழியே வேறு தீய நிரல்களும் நுழையக்கூடும் என்பது தெரிந்ததும் பெருங்கூச்சல் எழுந்தது. வழக்குகள் வந்தன, தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 2008-இல் ‘ஸ்போர்’ என்ற கணினி விளையாட்டை மூன்று கணினிகளுக்கு மேல் நிறுவ முடியாது என்று அதன் வெளியீட்டாளர் கட்டுப்பாடு விதித்தபோது, வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இணையக் கடையிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் இட்டுத் தங்கள் சினத்தைப் பதிவு செய்தார்கள். சில நாட்களில் மூன்று ஐந்தாயிற்று. இத்தனைக்கும் அவ்வாண்டு மிகுதியாகத் திருட்டு நகல் எடுக்கப்பட்ட விளையாட்டுகளுள் அதுவே முன்னணியில் நின்றது.

பாட்டும் விளையாட்டும் போகட்டும். அவை இல்லாமல் நாள் கழியும். படிப்புக்கே பூட்டு விழுந்தால்?

2009-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமேசான் நிறுவனத்தின் ‘கிண்டில்’ என்னும் மின்னூல் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ நாவலை விலை கொடுத்து வாங்கிப் படித்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் காலையில் அந்நூல் தங்கள் கருவியிலிருந்து மறைந்திருப்பதைக் கண்டார்கள். அதனை விற்பனைக்கு இட்டவருக்கு உரிமை இல்லை என்று பிறகே தெரிய வந்ததால், நிறுவனம் தன் இடத்தில் இருந்தபடியே அதனை அழித்துவிட்டது. பணத்தையும் திருப்பித் தந்தது. பழைய ஏடுகளை அரசே அழித்துத் திருத்தும் ஒரு கொடுங்கோல் நாட்டைப் பற்றிய நாவல் அது! அமெரிக்காவில் பள்ளி மாணவன் ஒருவன் அந்த நூலைப் பாடத்துக்காகப் படித்துப் பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு எழுதி வந்திருந்தான். நூல் போனதால் குறிப்புகள் எந்த வரிக்கு உரியவை என்று விளங்காமல் பயனற்றுப் போயின. அவன் வழக்குத் தொடுத்தான். நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. கடைக்காரர் நம் வீட்டு அலமாரியைத் திறந்து, பணத்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்ல முடியுமா? மின்னூலில் முடிந்தது.

அதே ஆண்டில், அதே கருவியைக் குறித்து இன்னொரு போராட்டமும் நிகழ்ந்தது. அதுவே நான் முதன்மையாகச் சொல்ல வந்தது. அதனை விளக்குமுன் என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

அமிர்திக்கு அருகே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் நான் பணியாற்றிய பள்ளியில் அவன் படித்தான். பிறவியிலேயே பார்வையில்லாதவன். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். வகுப்பு முடிந்ததும் தோழர்கள் வேப்பமரத்தடியில் அமர்ந்து முறை வைத்துப் பாடத்தை அவனுக்குப் படித்துக் காட்டுவார்கள். ஒருமுறை கேட்டால் அவனுக்குப் போதும். படித்துக் காட்டியவர்கள்தாம் மறந்துபோவார்கள். பின்னர் வேலூரில் கல்லூரியில் சேர்ந்து வரலாறு படித்தான். கணினித் திரையில் இருப்பதைக் குரலாக மாற்றிச் சொல்லும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளைக் கற்றுக்கொண்டான். அன்று முதல் ஒருவர் தயவும் இல்லாமல் படிக்கலாம் என்ற நிலை வந்தது. ஊக்கத்தொகைப் பணத்தில் ஒரு வரலாற்று மின்னூலை வாங்கினான். திறந்தான். திரைபடிப்பான் வாய் பேசவில்லை. நூலிலிருந்து எழுத்தை எவரும் எடுத்துவிடாதபடி வெளியீட்டாளர் இட்டிருந்த பூட்டு, திரைபடிப்பானையும் திருடனாகவே கருதி வெளியே நிறுத்திவிட்டது. விற்பனையாளருக்கு எழுதினான். ‘நூல் சரியாகவே இருக்கிறது’ என்று பதில் வந்தது. அவர்கள் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

திரைபடிப்பான்களிலும் பூட்டு இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த அந்த மென்பொருளை நிறுவுவதற்கு உரிமம் பதிந்த தனி வட்டு ஒன்று தேவைப்பட்ட காலம் உண்டு. வட்டு கெட்டால், பார்வையற்றவர் கணினியில் பேச்சையே இழந்து நிற்க நேரிடும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர் இருவர் ‘என்விடிஏ’ என்ற திரைபடிப்பானை உருவாக்கினர். விலையும் இல்லை, பூட்டும் இல்லை. 2006-இல் தொடங்கிய அம்முயற்சியின் பயனை இன்று நம் நாட்டுக் கல்லூரி மாணவர் பலர் நுகர்கின்றனர்.

இனி நியூயார்க்கில் நிகழ்ந்ததைக் காண்போம். 2009 பிப்ரவரியில் கிண்டில் கருவியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. எந்த மின்னூலையும் அது உரக்கப் படித்துக் காட்டும். பார்வையற்றவர்களுக்கு எத்தகைய மகிழ்ச்சி என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அமெரிக்க நூலாசிரியர் சங்கம், உரக்கப் படிப்பது ஒலிநூல் உரிமையைப் பறிப்பதாகும் என்று ஆட்சேபித்தது. ஒலிநூலால் வரும் வருவாய் ஆசிரியருக்குப் பெரிது என்பது உண்மையே. நிறுவனம் இறங்கி வந்தது. எந்த நூல் பேசலாம், எது பேசக் கூடாது என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என்று அறிவித்தது. பேசும் ஆற்றலுள்ள கருவி இருக்கிறது. விலை கொடுத்த நூல் இருக்கிறது. இடையே ஒரு பூட்டு.

ஏப்ரல் 7-ஆம் நாள் பார்வையற்றோரும், வாசிப்பதில் இடர்ப்பாடு உடைய பிறரும் அந்தச் சங்கத்தின் அலுவலகத்துக்கு முன்னர்த் திரண்டனர். வெண்கோலும் வழிகாட்டும் நாயுமாக வந்தார்கள். இலவசமாகக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. “பணம் தருகிறோம், படிக்க விடுங்கள்” என்பதே அவர்கள் வேண்டுகோளின் சாரம். பூட்டை எதிர்த்து நடந்த கிளர்ச்சிகளுள் இதனையே நான் உயர்வாகக் கருதுகிறேன். விளையாட்டைக் கூடுதலாக இரண்டு கணினியில் நிறுவுவதற்காகச் சினந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லையா?

அவ்வாண்டு செப்டம்பரில் நம் சென்னையில், லயோலா கல்லூரியில், ‘வாசிக்கும் உரிமை’ இயக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. பின்னர் வேறு பெருநகரங்களுக்கும் பரவியது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பார்வையற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு பாடநூலைப் பிரெயில் எழுத்தில் பெயர்ப்பதற்கும், ஒலியாகப் பதிவதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். மரத்தடியில் படித்துக் காட்டிய என் மாணவர்கள், அதே பாடத்தை ஒலிநாடாவில் பதிந்து பத்துப் பேருக்குக் கொடுத்திருந்தால் சட்டத்தின் எல்லையைத் தாண்டியவர்கள் ஆகியிருப்பார்கள்.

அரசு திருத்தம் கொண்டுவர முன்வந்தது. 2010 ஏப்ரலில் மாநிலங்களவையில் மசோதா வந்தது. அதில் ஒரு சலுகை இருந்தது. ஆனால் அது பிரெயில் போன்ற, ஊனமுற்றோருக்கென்றே தனியாக அமைந்த வடிவங்களுக்கு மட்டும். சாதாரண மின்னெழுத்தாகவோ ஒலியாகவோ மாற்ற வேண்டுமானால் தனி உரிமம் பெற வேண்டும். கேட்பதற்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றும். பார்வையை இழந்த அனைவரும் பிரெயில் அறிந்தவர்கள் அல்லர். நடுவயதில் பார்வை போனவர், விரல் உணர்வு குன்றியவர், கையசைக்க இயலாதவர், எழுத்துக்கள் இடம் மாறித் தோன்றும் குறையுடைய மாணவர் ஆகியோருக்கு அந்தச் சலுகையால் ஒரு பயனும் இல்லை. அச்சுக் கதவுக்குப் பதிலாக ஒரு சிறு சாளரத்தை மட்டும் திறந்தது போலாயிற்று.

இந்த நுட்பத்தை அமைச்சகத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் எடுத்துரைத்தவர்களுள் சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன் ஒருவர். தாமே உடல் ஊனத்துடன் வாழ்ந்தவர். ‘இன்குளூசிவ் பிளானட்’ என்ற அமைப்பை நண்பர்களுடன் நிறுவியவர். தில்லியிலும் ஜெனிவாவிலும் இதே வழக்கைச் சலியாமல் பேசினார். அவரும் அவரைப் போன்றோரும் செய்தது பெரும்பாலும் கடிதம் எழுதுவது, கையொப்பம் திரட்டுவது, நிலைக்குழுவின் முன் சான்று கூறுவது, மீண்டும் கடிதம் எழுதுவது. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும் செயல்கள் அல்ல இவை.

2012 மே மாதத்தில் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. ஜூன் 21 முதல் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. சாளரம் கதவாயிற்று. ஊனமுற்றோர் படிப்பதற்கு ஏற்ற எந்த வடிவிலும் நூலை மாற்றலாம். தனி மனிதரும் செய்யலாம், அமைப்பும் செய்யலாம். இலாபம் பார்க்கக் கூடாது, ஆக்கச் செலவை மட்டும் பெறலாம். அமைப்புகள் அந்த நகல் கடைச் சரக்காகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 52-ஆம் பிரிவில் இது உள்ளது.

அதே திருத்தத்தில்தான் பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவும் முதன்முதலாக நம் சட்டத்தில் புகுந்தது. உரிமையைப் பறிக்கும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘நோக்கத்துடன்’ என்ற அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சட்டம் தடை செய்யாத ஒன்றைச் செய்வதற்காகப் பூட்டைத் திறந்தால் அது குற்றமாகாது என்றும் அப்பிரிவே கூறுகிறது. பிறருக்காகத் திறந்து கொடுப்பவர் மட்டும் அவருடைய பெயர், முகவரி முதலிய விவரங்களைக் குறித்து வைக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் இத்தகையதன்று. 1998-இல் அங்கே இயற்றிய சட்டப்படி, எந்நோக்கத்துக்காகத் திறந்தாலும் பூட்டைத் திறப்பதே பொதுவாகத் தவறு. விதிவிலக்கு வேண்டுவோர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மனுச் செய்து பெற வேண்டும். மின்னூலைக் கேட்டுப் படிக்கும் பார்வையற்றோரும் அந்த வரிசையில் நின்றார்கள். 2010-இல் அவர்களுடைய விதிவிலக்குக்குப் போதிய சான்று இல்லை என்று பதிப்புரிமை அலுவலகத் தலைவர் கருத்துரைத்தார். காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் அதனை ஏற்காமல் அனுமதி வழங்கினார். ஒருவரின் நல்லெண்ணத்தில் தொங்கிய உரிமை அது. நம் சட்டம் இவ்விடத்தில் மேலானது என்று தயங்காமல் கூறுவேன்.

2013 ஜூன் 27-ஆம் நாள் மொராக்கோ நாட்டின் மாரக்கேஷ் நகரில், பார்வையற்றோருக்கான நூல்களை நாடு விட்டு நாடு அனுப்பவும் வழி செய்யும் உடன்படிக்கை நிறைவேறியது. அதனை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. உடன்படிக்கை முடிந்தால் வந்து பாடுவேன் என்று வாக்களித்திருந்த பார்வையற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் மாரக்கேஷுக்கு வந்து பாடினார். ராகுல் செரியன் அதைக் கேட்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே, நாற்பது வயதை எட்டுமுன், காலமாகிவிட்டார்.

என் மாணவன் இன்று அரசுப் பள்ளியொன்றில் வரலாற்று ஆசிரியர். முன்பு வாங்கிய அந்த மின்னூல் இன்றும் அவருடைய கணினியில் ஊமையாகவே இருக்கிறது. சட்டம் மாறினாலும் பழைய பூட்டு தானாகத் திறப்பதில்லை. வேண்டிய நூலை மாணவர்கள் ஸ்கேன் செய்து தருகிறார்கள். 2016-இல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலய’ என்னும் இணைய நூலகத்திலிருந்தும் சில நூல்களைப் பெறுகிறார்.

உங்கள் வகுப்பிலும் அத்தகைய தோழர் ஒருவர் இருக்கலாம். அவருக்காகப் பாடநூலை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிக் கொடுப்பது திருட்டன்று. எவரிடமும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் செய்வதைத் திருத்தமாகச் செய்யுங்கள். யந்திரம் மாற்றிய எழுத்தை ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ன’கரமும் ‘ள’கரமும் அடிக்கடி இடம் மாறும். அட்டவணைகளை வரி வரியாகப் பிரித்து எழுதுங்கள். படங்களின் கீழுள்ள குறிப்புகளையும் பக்க எண்களையும் விட்டுவிடாதீர்கள். தேர்வில் மேற்கோள் காட்டும்போது அவருக்கும் பக்க எண் வேண்டும்.